மூன்று அங்குலத் துளை

ஏசி மாட்ட வந்தவன் நான்.
மஞ்சக்குப்பத்திலிருந்து பைக்கில்,
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, பாகூர் ஏரிக்கரையில் திரும்பி.
பாரிசிலிருந்து கொள்ளுப்பேத்தி வருகிறாளாம்,
மார்கழியில்.
மார்கழிக்கு எதற்கு ஏசி என்று நான் கேட்கவில்லை.
அட்வான்ஸ் வந்துவிட்டது.

முன்னால் நின்று பார்த்தால் வீடு
வயலில் தரைதட்டிய கப்பல்.
வளைந்த பால்கனி, வட்ட ஜன்னல்,
நெற்றியில் சிமெண்டில் 1931.
பின்னால் போனால் வேறு வீடு.
ஒன்றரை முழச் சுவர். ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில்
துப்பாக்கி நுழையும் அளவுக்குச் சந்து.
ஐதர் குதிரைகளுக்குப் பயந்து
நெல்லைப் பூட்டி வைக்கக் கட்டியது என்றார்
சாவி வைத்திருக்கும் இன்னாசி.
குதிரை வரவே இல்லையாம்.
எலி வந்ததாம்.

டிரில்லை எடுத்தேன்.
'பீங்கானில் பட்டுவிடாமல்,' என்றார்.
என்ன பீங்கான்?
வெளியே கூட்டிப்போய்க் காட்டினார்.

பால்கனியின் வயிறு முழுக்க உடைந்த தட்டு.
நீலம், வெள்ளை, ஓரத்தில் தங்கக்கோடு,
வெயிலில் செதில் செதிலாய்ப் புரளுகிற
பெரிய மீன் மாதிரி.

மதாம் அமலோற்பவம் செய்தது.
புருஷன் சவரிநாதன் சைகோனில், வரி ஆபீசில்.
பதினோரு வருஷம் மாதாமாதம் பணம்.
பிறகு ஒரு தந்தி.
தந்திக்குப் பின்னால் ஒரு பெட்டி.
வைக்கோலை விலக்கினால்
எழுபத்திரண்டு தட்டு, ஒரு கீறல் இல்லை.
ஒவ்வொரு தட்டின் நடுவிலும்
பொன்னில் பின்னிய இரண்டு எழுத்து.
ஒன்று சவரிநாதனுடையது.
மற்றது அமலோற்பவத்துடையது இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாளாம்.
முப்பதாம் நாள் பூசை முடிந்ததும்
கொத்தனார் வீராசாமியைக் கூப்பிட்டு
'இந்த வீட்டுக்கு வேறு முகம் போடு,
ஒரு மூலைகூடத் தெரியக் கூடாது' என்றாளாம்.
சுத்தியல் கேட்கவில்லை.
இடுப்பு உயரத்தில் பிடித்து
ஒவ்வொன்றாய்க் கைவிட்டாள்.
இரண்டு நாள்.
ஏரியில் துணி துவைத்தவர்களுக்குக் கேட்டதாம்.

நான் பால்கனியை மூக்கு உரசத் தேடினேன்.
பூ இருக்கிறது, இலை இருக்கிறது,
ஒரு பறவையின் அரைவாசி இருக்கிறது.
எழுத்து மட்டும் எங்கேயும் இல்லை.

உள்ளே வந்து,
பீங்கானுக்கு ஒரு சாண் கீழே கணக்குப் பார்த்து,
அழுத்தினேன்.

துளை போடுகிறவனுக்கு
வீட்டின் வயது தூளில் தெரியும்.
முதலில் மஞ்சள். போன வருஷத்துப் பெயிண்ட்.
அப்புறம் வெள்ளை. கடுக்காய் போட்டு அரைத்த சுண்ணாம்பு,
பிட்டுக்கு வழிவிடாது, கெஞ்ச வேண்டும்.
அப்புறம் சிவப்பு,
விரல் கனச் செங்கல், அடுக்கு அடுக்காய்.
எக்ஸ்டென்ஷன் கம்பி போட்டேன்.
அப்புறம் ஈரம்.
வெயிலையே பார்த்திராத மண்,
நேற்று உழுததுபோல் வாசம்.
அடுத்து சிமெண்ட் வர வேண்டும்.

வரவில்லை. பல் கூசியது.
சுவருக்குள் யாரோ
கரண்டியால் தட்டுகிற சத்தம்.
நிறுத்தி, கையை விட்டுத் துழாவினேன்.
பழைய சுவருக்கும் புது முகத்துக்கும் நடுவே
ஒரு விரற்கடை இடைவெளி,
அதில் இறுக்கி அடைத்த சில்லுகள்.
ஒன்று மட்டும் விரலோடு வந்தது.
தொண்ணூறு வருஷத் தூசியை பனியனில் துடைத்தேன்.
பொன் அப்படியே இருந்தது.

'என்ன அது?'
இன்னாசி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.
'கல்,' என்றேன்.
எந்த எழுத்து என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

இருந்த இடத்திலேயே தள்ளிவிட்டு,
மிச்சச் சிமெண்டை உடைத்து,
செப்புக்குழாயைச் சொருகி,
ஓரத்தில் ஃபோம் அடித்தேன்.
அது பொங்கி, மஞ்சளாய் இறுகி, மூடிக்கொண்டது.

ரிமோட்டை இன்னாசியிடம் கொடுத்தேன்.
'இருபத்தாறில் வைத்தால் போதும்.
இந்தச் சுவர்
குளிரை வெளியே விடாது.'